சேஜா, சைஃபரா, கில்ஜாயா? சைட்டில் தனியாக நிற்கிறவர் யாரை எடுக்கலாம்

ஐந்துக்கு ஐந்து பேர் மோதுகிற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் வேலரன்ட். அதை ஆட ஐந்து பேர் சேர்ந்தால், ஆளுக்கு ஒரு ஏஜென்ட், அதாவது கதாபாத்திரம், எடுக்கும் திரையில் நடக்கிற சண்டை எப்போதும் ஒரே மாதிரிதான். ஒருவன் ஜெட், ஒருவன் ரெய்னா, ஒருவன் ரேஸ், நான்காமவன் முணுமுணுத்துக்கொண்டே புகை போடுகிற ஏஜென்டை எடுப்பான், மிச்சம் நிற்கிற ஆளைப் பார்த்து நாலு பேரும் ஒரே குரலில் "நீ சேஜ் எடுத்துக்கடா" என்பார்கள். இது அந்த ஐந்தாவது ஆளுக்காக எழுதியது. எப்படியும் காவல் வேலை உங்கள் தலையில்தான் விழப்போகிறது, அதையாவது உங்களுக்குச் சரிப்படுகிற ஏஜென்டை வைத்துச் செய்யலாமே.

புதுக் கணக்கில் சேஜ் இலவசமாகவே இருக்கும். சைஃபரையும் கில்ஜாயையும் திறக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 8,000 கிங்டம் கிரெடிட், அதாவது ஆட ஆடச் சேர்கிற புள்ளிகள். வேலை, காலேஜ் எல்லாம் முடித்துவிட்டு ராத்திரி ரெண்டு மேட்ச் ஆடுகிறவருக்கு அது சேர நாளாகும், அதனால் முதலில் யாரைத் திறப்பது என்பது கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம்தான். யூடியூபில் வாராவாரம் வருகிற தரவரிசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அடுத்த பேட்ச் (ஆட்டத்தில் செய்கிற மாற்றம்) வந்ததும் அதையே தலைகீழாகப் போட்டு இன்னொரு வீடியோ விடுவார்கள். நான் கேட்கிற கேள்வி வேறு. நீங்கள் சொன்னால் உங்கள் டீம் கேட்குமா? அதற்கும் முன்னால், நீங்கள் ஆடுகிற இடத்தில் வாய்திறந்து பேச முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் ஏஜென்ட் தானாக முடிவாகிவிடும்.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு ரவுண்டு 100 நொடி. அதற்குள் தாக்கவருகிற அணி ஸ்பைக் என்கிற வெடிகுண்டை, சைட் என்கிற குறித்த இடங்களில் (ஏ, பி என்று பெயர்) ஒன்றில் வைக்கவேண்டும், வைத்தால் 45 நொடியில் வெடிக்கும், அதைச் செயலிழக்கவைக்க உங்களுக்கு 7 நொடி வேண்டும். நீங்கள் தனியாக நிற்கிற சைட்டுக்குள் ஐந்து பேரும் மொத்தமாக நுழைந்தால் ஐந்து பேரையும் நீங்கள் சுடப்போவதில்லை, யாரும் அதை எதிர்பார்க்கவும் கூடாது. மற்ற நாலு பேர் வந்து சேரும் வரைக்கும் அவர்களைத் தாமதப்படுத்தினால் போதும். வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு கிடையாது, அதனால் இப்படிச் சொன்னால் புரியும்: போடக் காய் இல்லாதபோது நல்ல ஆட்டக்காரன் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடிக்கமாட்டான், எதிராளிக்கு வழி கிடைக்காதபடி தன் காயைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவான். ஸ்கோர்போர்டில் கடைசி இடத்தில் இருந்துகொண்டே மேட்சை ஜெயித்துக் கொடுக்கிறவர் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்தான், நாலு பேரும் அதைக் கவனிக்கவே மாட்டார்கள், அது வேறு கதை.

சேஜிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அவளை எடுக்கச் சொல்கிறார்கள், பாதிப் பேர் அவளைத் தப்பாக ஆடுகிறார்கள். அவளிடம் இருப்பது ஒரு சுவர், வேகத்தைக் குறைக்கும் இரண்டு பனி உருண்டைகள், அடிபட்டவரைக் குணப்படுத்துவது, அல்டி என்கிற பெரிய சக்தி சேர்ந்தால் செத்தவரை எழுப்புவது. கேட்க ஆஸ்பத்திரி மாதிரி இருப்பதால் டீமில் எல்லோரும் அவளைத் தங்கள் பின்னாலேயே வரவேண்டிய நர்ஸாக நினைத்துக்கொள்கிறார்கள். "ஹீல், ஹீல்" என்று கத்துகிற டூயலிஸ்ட்டின் (முன்னால் பாய்ந்து சண்டைபோடுகிறவர்) பின்னால் ஓடிப்போனால் உங்கள் சைட் காலி. அவளுடைய உண்மையான சரக்கு சுவரும் பனியும்தான். சுவருக்கு மட்டும் 400 கிரெடிட் (இது மேட்ச்சுக்குள் கிடைக்கிற காசு, கிங்டம் கிரெடிட் இல்லை), பனி உருண்டை ஒவ்வொன்றுக்கும் 200, இதையெல்லாம் வாங்கிவிட்டு 2,900 கொடுத்து வேண்டல் என்கிற துப்பாக்கியும் எடுக்கவேண்டும் என்றால் பல ரவுண்டில் கை கடிக்கும்.

சுவரை எப்படிப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எழும்பின உடனே அதற்கு முழு வலு கிடையாது, சில நொடி கழித்துத்தான் கெட்டியாகும். எதிரி வாசலில் வந்து நின்றபிறகு அவசரமாகப் போட்டால் ரெண்டு பேர் சேர்ந்து ஒரு துண்டை உடனே உடைத்துவிட்டு அந்தச் சந்து வழியாகவே உள்ளே வருவார்கள். தூரத்தில் காலடிச் சத்தம் கேட்டதும் போடுங்கள், அல்லது ரவுண்டு தொடங்கின கையோடு ஒரு வழியை மூடிவிட்டு இன்னொரு வழியை மட்டும் பாருங்கள். அவர்கள் சுவரை உடைக்கிற சத்தமே உங்களுக்குச் செய்தி. ஆனால் சுவர் போன பிறகு, பனியும் போன பிறகு, அவளிடம் சைட்டைக் காக்க ஒன்றும் கிடையாது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று சொல்லவும் அவளால் முடியாது. துப்பாக்கியும் உங்கள் காதும்தான் மிச்சம். எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் வீடு என்றால் அந்தக் காதை நம்ப முடியாது, நல்ல ஹெட்செட் போட்டிருந்தாலும் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிற அந்த நேரத்தில்தான் எவனாவது பின்னாலிருந்து ஓடிவருவான்.

அல்டியைப் பற்றி ஒன்று. அவள் ஒருவரை எழுப்பும்போது அந்தக் குரல் எதிரிகள் எல்லோருக்கும் கேட்கும், எழுகிறவர் எழுந்து முடிக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது. திறந்தவெளியில் கிடக்கிற பிணத்தை எழுப்பினால் எதிரிக்கு ஒரு கில்லை இனாமாகக் கொடுத்ததுதான் மிச்சம். டீமுக்குப் பொறுமை இருக்கவேண்டும், சாகிறவன் மறைவான இடத்தில் சாகவேண்டும், இரண்டும் நடக்கிற டீம் அபூர்வம்.

சைஃபர் வேறு ரகம். மொரோக்கோக்காரன், கோட்டும் தொப்பியுமாக இருக்கிற உளவாளி. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கம்பிகள் இரண்டு, கூண்டுகள் இரண்டு, ஒரு கேமரா, இவைதான் அவன் மொத்தச் சொத்து, சேஜைவிட மலிவாகவே முழு செட்டும் வாங்கிவிடலாம். கம்பியில் யாராவது மாட்டினால் அவன் உருவம் உங்கள் டீம் முழுவதற்கும் தெரியும், அவன் அதை உடைக்காவிட்டால் தலைசுற்றி நிற்பான். கேமராவைத் தேவையான நேரத்தில் திறந்து பார்த்தால் அந்தப் பக்கம் எத்தனை பேர், ஸ்பைக் யார் கையில் என்பதெல்லாம் தெரியும்.

கம்பி வைப்பதில் ஒரு விஷயத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம், மற்றதெல்லாம் அதிலிருந்தே பிடிபடும். புதிதாக ஆடுகிறவர் கம்பியைச் சரியாக வாசல்படியில் கட்டுவார். எதிரிக்கும் அது தெரியும், வாசலுக்கு வரும்போதே குறிபார்த்துக்கொண்டு வருவான், கம்பியைச் சுட்டுவிட்டு அப்படியே நுழைவான். அதையே வாசலைத் தாண்டி, உள்ளே திரும்பின உடனே வருகிற மூலையில் கட்டிப் பாருங்கள். வருகிறவன் கண் அந்த நேரத்தில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும், கம்பியைத் தேடாது. மாட்டிக்கொண்டதும் அவன் உருவம் சுவர் வழியாகத் தெரிகிறது, அந்தச் சுவர் குண்டு துளைக்கிற மெல்லிய சுவராக இருந்தால் நீங்கள் முகத்தைக் காட்டாமலேயே வேலையை முடித்துவிடலாம். அப்புறம் ரவுண்டுக்கு ரவுண்டு இடத்தை மாற்றவேண்டும், இது முக்கியம். ஒரே இடத்தில் மூன்று ரவுண்டு கம்பி கட்டுகிற சைஃபரை நாலாவது ரவுண்டில் பச்சைக் குழந்தைகூட உடைத்துவிடும்.

இவனுடைய பலவீனம் இரண்டு. ஒன்று, இவன் செத்தால் கம்பி, கேமரா எல்லாம் அணைந்துவிடும், அதனால் முதலில் சாகவே கூடாது, ஆசைப்பட்டு எட்டிப்பார்க்கக் கூடாது. கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் உடம்பு ஒரு மூலையில் பொம்மை மாதிரி நிற்கும் என்பதையும் மறக்கவேண்டாம். இரண்டாவதுதான் பெரியது: இவன் தருவது தகவல், தகவலை யாராவது கேட்கவேண்டும். "பி-யில் மூணு பேர், ஸ்பைக் இங்கதான் இருக்கு" என்று நீங்கள் சொன்னால் ஏ-யில் நிற்கிற ரெண்டு பேர் உடனே கிளம்பவேண்டும். கிளம்பாமல் "இருடா, ஒருத்தனைக் கொன்னுட்டு வரேன்" என்று சொல்கிற ஆட்களோடு ஆடினால் சைஃபர் தண்டம். அழகாக உளவு பார்த்து, எத்தனை பேர் வந்து உங்களைக் கொன்றார்கள் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு சாகலாம்.

பெரம்பூரிலோ எம்.கே.பி. நகரிலோ ஒரு கேமிங் சென்டரில் ஐந்து பேரும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஆடுகிற கோஷ்டி என்றால் சைஃபரைப் போல ஒருவன் கிடையாது. மைக்கே வேண்டாம், கத்தினால் போதும், கேட்காதவன் காலை மிதிக்கலாம். அங்கே தகவல் ஒரு நொடியில் அஞ்சு தலைக்குள்ளும் போய்விடுகிறது. அப்படி ஒரு செட்டு வாய்த்தவர் 8,000 கிரெடிட்டையும் கண்ணை மூடிக்கொண்டு இவனுக்கே கொடுக்கலாம். இவனை எப்படி ஆடுவது என்று பார்த்துக் கற்க விரும்பினால் 2021-ல் பெர்லின் மாஸ்டர்ஸ் கோப்பையை வென்ற கேம்பிட் அணியின் நாட்ஸ் ஆடின பழைய மேட்சுகளைத் தேடிப் பாருங்கள். அவசரமே இல்லாமல், எல்லோரும் மறந்துபோன நேரத்தில் பின்பக்கத்திலிருந்து வந்து நிற்பார்.

இப்போது கில்ஜாய். ஆட்டம் வெளியான 2020-ஆம் ஆண்டிலேயே, இரண்டு மாதம் கழித்துச் சேர்க்கப்பட்ட ஜெர்மன் பெண். தானே சுடுகிற டரெட், கிட்டே வருகிறவனைத் துரத்திப்போய் வெடிக்கிற அலார்ம்பாட், தரையில் ஒளித்துவைத்துத் தேவையான நேரத்தில் வெடிக்கவிடுகிற நானோஸ்வார்ம். இவளிடம் எனக்குப் பிடித்தது, வாயைத் திறக்காமலேயே காரியம் நடக்கும். டரெட் சுடத் தொடங்கினால் அந்தச் சத்தம் டீமுக்கே கேட்கிறது, பாதிப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் திரும்பாவிட்டாலும் டரெட் ஒருவனைத் தடுமாற வைக்கும், அலார்ம்பாட் இன்னொருவனுக்கு விழுகிற அடியை இரட்டிப்பாக்கும், நானோஸ்வார்ம் வாசலை நெருப்பு மாதிரி அடைத்துவைக்கும். அதற்குள் நாலு பேரில் ஒருவனுக்காவது புத்தி வந்திருக்கும்.

ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறையில் நாலு பேர் தூங்கிக்கொண்டிருக்க, ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆடுகிறவர்கள் நம்ம பக்கம் எத்தனையோ பேர். காலையில் துறைமுகத்துக்கு ஷிப்ட் போகவேண்டிய அப்பா பக்கத்தில் படுத்திருக்கும்போது "ரொட்டேட் ரொட்டேட்" (வேறு சைட்டுக்கு ஓடு) என்று கத்த முடியாது, கத்தினால் ஆட்டமும் போகும் லேப்டாப்பும் போகும். கூட ஆடுகிற நாலு பேரும் யாரென்றே தெரியாத ராண்டம்கள், அதில் ஒருவன் இந்தியில் பேசுவான், ஒருவன் மைக்கே ஆன் பண்ணமாட்டான். இந்த நிலைமைக்குச் செய்துவைத்தது மாதிரி இருக்கிற ஏஜென்ட் கில்ஜாய்தான்.

குறை இல்லாமல் இல்லை. டரெட்டும் அலார்ம்பாட்டும் அவள் 40 மீட்டர் சுற்றுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும், தள்ளிப்போனால் தூங்கிவிடும். ஹேவன் மாதிரி மூன்று சைட் இருக்கிற மேப்பில் இது உறுத்தும், சி-யில் செட்டப் போட்டுவிட்டு ஏ-க்கு உதவ ஓடினால் சி-யில் நீங்கள் விட்டுவந்தது வெறும் இரும்பு. அசென்ட் மேப்பின் பி சைட்டில் நிறையப் பேர் இவளைக் கொண்டுவருவதற்குக் காரணமும் இதுவே, அங்கே சைட்டுக்குள் நின்றபடியே மெயின் வாசல் முழுவதையும் கட்டுக்குள் வைத்திருக்கலாம். எதிரணியில் ரேஸ் இருந்தால் அவள் வெடிபொருளை எறிந்தே உங்கள் கருவிகளைத் துடைத்தெடுத்துவிடுவாள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைக்காதீர்கள்.

லாக்டவுன் அல்டி இவளுடைய பெரிய ஆயுதம். வைத்தால் 13 நொடி கழித்து அந்த வட்டத்துக்குள் மாட்டின எவனும் சுட முடியாது. எதிரி கருவியை உடைத்துவிட்டால் எல்லாம் வீண், அதனால் அதை எட்டாத மூலையில் ஒளித்துவைத்துவிட்டு அந்தக் கருவிக்கே காவலாக நிற்கவேண்டும். ஸ்பைக் வைத்துவிட்ட சைட்டைத் திரும்பப் பிடிக்க இதைவிட எளிய வழி எந்த சென்டினலிடமும் (காவல் வேலை பார்க்கிற ஏஜென்ட்) இல்லை என்பது என் கருத்து. 45 நொடியில் 13 போனால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிட்டு வையுங்கள்.

பிங் (உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் இடையிலான தாமதம்) விஷயத்தையும் சேர்த்துத்தான் முடிவு செய்யவேண்டும், இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஒரு மூலையைக் குறிபார்த்து அசையாமல் நிற்கிறவரைவிடப் பாய்ந்து வெளியே வருகிறவருக்குத்தான் ஆன்லைனில் ஒரு கணம் முன்னதாகத் தெரியும், நெட்வொர்க் தாமதம் அப்படித்தான் வேலை செய்கிறது. நொடிக்கு 128 முறை ஆட்டத்தைப் புதுப்பிக்கிற 128 டிக் சர்வர் வைத்து இதைக் குறைக்கப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் முழுதாகப் போகாது. மும்பை சர்வரில் உங்களுக்கு நிலையான பிங் கிடைத்தால் கவலை இல்லை. வீட்டில் ஒரே வைஃபையில் தங்கச்சி ரீல்ஸ், அம்மா சீரியல், நடுவில் நீங்கள் என்றால் மூலையில் நின்று சண்டை போடுகிற சேஜ் ஆட்டம் உங்களுக்கு நஷ்டம். கம்பிக்கும் டரெட்டுக்கும் உங்கள் பிங் தேவையில்லை, அவை சர்வரில் தாங்களாகவே வேலை பார்த்துக்கொள்ளும். நெட் மோசமாக இருக்க இருக்க உங்கள் துப்பாக்கியைக் குறைவாகவும் கருவியை அதிகமாகவும் நம்புங்கள்.

அட்டாக் பக்கம் போகும்போது இந்த மூவரும் எப்படி என்று சுருக்கமாக. சைஃபர் தன் கம்பியைப் பின்வழியில் கட்டிவிட்டு மேப்பின் இன்னொரு கோடிக்கே போகலாம், அவனுக்குத் தூரக் கணக்கு இல்லை. கில்ஜாய்க்கு அந்த 40 மீட்டர் இங்கேயும் தொல்லை, ஆனால் ஸ்பைக் வைத்த பிறகு அவள்தான் ராணி: ஸ்பைக்கின் பக்கத்தில் நானோஸ்வார்மைப் புதைத்துவிட்டுத் தள்ளிப்போய் நில்லுங்கள். எதிரி ஸ்பைக்கைச் செயலிழக்கவைக்கிற டிஃப்யூஸ் சத்தம் கேட்டதும் கை பரபரக்கும், கொஞ்சம் பொறுங்கள். 3.5 நொடியைத் தொட்டுவிட்டால் பாதி வேலை சேமிப்பாகிவிடும், அதற்கு முன்னால் வெடிக்கவிட்டால் அவன் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சேஜ் சுவரைப் போட்டு அதன் மறைவில் ஸ்பைக் வைக்கலாம், ஐஸ்பாக்ஸ் மேப்பில் அவளை நிறையப் பேர் எடுப்பது அதற்காகத்தான்.

சேம்பர், டெட்லாக், வைஸ் என்று மேலும் சென்டினல்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். சேம்பர் பெயருக்குத்தான் காவலாளி, குறி சுத்தமாக இருக்கிறவன் ஸ்னைப்பர் பிடிக்க ஒரு சாக்கு. 2022 டிசம்பரில் வந்த பேட்சில் அவனை நன்றாகக் குறைத்துவிட்டார்கள், அதற்கு முன்னால் அவன் ஆடின ஆட்டமே வேறு. டெட்லாக்கின் சென்சார் சத்தத்தைக் கேட்டு வேலை செய்வது, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு மெதுவாக நடந்தே வருகிற பொறுமைசாலியிடம் அது ஏமாறும். வைஸ் சுவாரசியமான ஆள், உள்ளே நுழைந்தவனுக்குப் பின்னால் சுவரை எழுப்பி அவனைத் தனியாக்கிவிடுவாள், ஆனால் அதை எப்போது செய்வது என்று தெரிய ஆட்டம் கொஞ்சம் கைக்கு வந்திருக்கவேண்டும். முதல் ஏஜென்டாக இந்த மூன்றில் எதையும் நான் சொல்லமாட்டேன்.

ஆக, கணக்கு இப்படி வருகிறது. தனியாக ராத்திரியில் ராண்டம்களோடு ஆடுகிறவர் கில்ஜாயைத் திறக்கட்டும், பெரும்பாலானவர்களுக்கு என் பதில் இதுதான். ஒரே கோஷ்டியாக, வாயும் காதும் திறந்திருக்கிற ஐந்து பேராக ஆடுகிறவர் சைஃபர். கிரெடிட் சேரும் வரைக்கும் கையில் இருக்கிற சேஜை ஆடுங்கள், ஆனால் நர்ஸ் வேலையை ரெண்டாவதாக வைத்துக்கொண்டு சுவரையும் பனியையும் பழகுங்கள். எந்த நேரத்தில் தாமதப்படுத்தவேண்டும் என்பது அவளிடம் கற்றுக்கொண்டால் மற்ற இருவருக்கும் அப்படியே உதவும். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் ஏற்கெனவே வைத்திருக்கிற நண்பர் இருந்தால், அந்தக் கணக்கை இணைத்தால் எல்லா ஏஜென்டும் திறந்திருக்கும், அவருக்கு இந்தக் குழப்பமே கிடையாது.

யாரைத் திறந்தாலும் நேராக, ரேங்க் கிடைக்கிற காம்பெடிடிவ் ஆட்டத்துக்குப் போகவேண்டாம். 20-ஆவது லெவல் வரைக்கும் அது எப்படியும் திறக்காது, திறந்திருந்தாலும் ஸ்விஃப்ட்பிளேயில் கொஞ்சம் கம்பி கட்டிப் பாருங்கள். ஐந்து ரவுண்டு ஜெயித்தால் முடிந்துபோகிற ஆட்டம், தோற்றாலும் ரேங்க் போகாது. முதலில் ஒரே மேப், ஒரே சைட், அதில் மூன்று வேறு வேறு செட்டப் தெரிந்தால் போதும், மற்ற மேப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.